தொட்டிலருகே ஒரு தாய்

குழந்தை பிறந்த வீட்டில் மகிழ்ச்சியே நிறைந்திருக்க வேண்டும் என்பது எவரும் எழுதி வைக்காத சட்டம். அந்தக் குழந்தை நோயுற்றுப் பிறந்துவிட்டாலோ, பிறந்த சில வாரங்களில் நோயுற்றுவிட்டாலோ வீட்டார், உறவினர், மருத்துவர் ஆகிய அனைவருடைய கண்களும் தொட்டிலின் மீதே பதிந்துவிடுகின்றன. "பிள்ளை எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் பலர். பிள்ளையைப் பெற்றவளை நோக்கி, "நீ எப்படி இருக்கிறாய், அம்மா?" என்று கேட்பவர் மிகச் சிலர். அவள் அழுதால் பிள்ளைக்காக அழுகிறாள் என்கிறோம். அழாதிருந்தால் கல்நெஞ்சக்காரி என்கிறோம். அவளுடைய உள்ளத்திலும் ஒரு நோய் வேர்விட்டிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் முன்னோர் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்றனர். காற்றுப் படாமல் காத்தனர், பத்தியம் வைத்தனர், தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டில் இடம் தந்தனர். உடம்பின் பச்சையை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தவர்கள் உள்ளத்தின் பச்சையை அந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவள் பித்துப் பிடித்தவள் போல் இருந்தால் காற்று, கருப்பு என்றனர். வெறுமனே சோர்ந்து கிடந்தால் சோம்பல் என்றனர். இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய் என்பதையும், அதற்குத் துணையும் மருந்தும் உண்டு என்பதையும் உலகம் கற்றுக்கொள்ள எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. அந்த நெடும் பாதையின் சில மைல்கற்களை இங்கே நின்று பார்ப்போம்.

லின் நகரத்துப் பெண்

இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள லின் என்னும் துறைமுக நகரில், ஏறக்குறைய 1373-ஆம் ஆண்டில் பிறந்தவர் மார்ஜரி கெம்ப். அவருடைய தந்தை அந்நகரின் தலைவராகப் பலமுறை இருந்தவர். இருபது வயதளவில் மணமுடித்த மார்ஜரி, விரைவிலேயே கருவுற்று, கடும் நோய்க்கிடையே தம் முதற் குழந்தையைப் பெற்றெடுத்தார். பிழைப்போமா என்ற ஐயத்தில், நெடுநாளாகச் சொல்லாது மறைத்திருந்த ஒரு பாவத்தை அறிக்கையிட விரும்பிக் குருவானவரை அழைத்தார். அவர் சொல்லி முடிக்குமுன்பே குருவானவர் கடிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார். சொல்ல வந்தது நெஞ்சிலேயே நின்றுபோயிற்று. ஒருபுறம் நரக பயம், மறுபுறம் குருவின் கடுஞ்சொல். இரண்டுக்குமிடையே அவருடைய அறிவு நிலைகுலைந்தது.

அரை ஆண்டும் எட்டு வாரங்களும் சில நாள்களும் அந்நிலை நீடித்ததாக அவரே பின்னாளில் சொல்லி எழுதுவித்த நூலில் கணக்கிட்டுக் கூறுகிறார். தம் கையைத் தாமே கடித்த வடு வாழ்நாள் முழுவதும் இருந்தது. தம்மை மாய்த்துக்கொள்ளாதபடி இரவும் பகலும் அவரைக் கட்டி வைத்துக் காத்தனர். ஒருநாள் கிறிஸ்து நாதர் தம் படுக்கையருகே வந்து அமர்ந்து அன்போடு பேசியதாகவும், அக்கணமே தெளிவு பெற்றதாகவும் அவர் கூறுகிறார்.

அதன்பின் நடந்ததே நம் சிந்தனைக்குரியது. தெளிந்தெழுந்த மார்ஜரி, உணவுப்பொருள் இருக்கும் அறையின் சாவியைத் தமக்குத் தருமாறு கணவரிடம் கேட்டார். கொடுக்க வேண்டாம், எடுத்து வாரி இறைத்துவிடுவார் என்று பணிப்பெண்களும் காவலிருந்தோரும் தடுத்தனர். கணவர் ஜான் கெம்ப் அதைக் கேட்கவில்லை. மனைவியின் மேல் இரக்கங்கொண்டு, சாவியைக் கொடுக்குமாறு கட்டளையிட்டார். குடும்பத் தலைவிக்கு மீண்டும் அவளுடைய இடம் கிடைத்தது.

மார்ஜரியின் நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, 1934-இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தாரின் இல்லத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆங்கில மொழியில் நமக்குக் கிடைத்துள்ள வாழ்க்கை வரலாறுகளுள், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறிய மிகப் பழையதாக அதைப் பலர் கருதுவர். அது பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மனநோயிலிருந்து தொடங்குகிறது என்பதை நாம் நினைவில் கொள்வோம். முடியும் வரை கேட்கப்படாத ஒரு சொல் நோயை முற்றச் செய்தது. நம்பிக் கொடுக்கப்பட்ட ஒரு சாவி அவரை வீட்டுக்குத் திருப்பிக் கொணர்ந்தது.

அலென்சோன் நகரத்துத் தாய்

1858-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பாரிசு நகர மருத்துவர் லூயி விக்டர் மார்சே ஒரு நூலை வெளியிட்டார். கருவுற்ற பெண்கள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு வரும் மனநோய்களையே தனிப்பொருளாகக் கொண்டு விரித்துரைத்த நூல் அது. அதே ஆண்டு ஜூலை மாதம் 13-ஆம் நாள் அதே நாட்டின் அலென்சோன் நகரில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் கடிகாரத் தொழிலாளரான லூயி மார்ட்டின்; மணமகள் அந்நகருக்குப் பெயர் தந்த நுண்பின்னல் வேலையில் கைதேர்ந்த செலி. புனித குழந்தை தெரேசாளின் பெற்றோர் இவர்களே. இருவரும் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

புனிதர் பட்டம் என்றதும் துயரமே தீண்டாத ஒரு முகத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். செலி எழுதிய மடல்களில் 200-க்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைப் படிப்போர் வேறொரு முகத்தையே காண்பர். 9 பிள்ளைகளைப் பெற்றவர் அவர். 1867-இல் ஒரு மகனையும், 1868-இல் மற்றொரு மகனையும் கைக்குழந்தைகளாகவே இழந்தார். 1870 பிப்ரவரியில் 5 வயது மகள் எலேன் இறந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த பெண்மகவு, பால் கொடுக்க அமர்த்தியிருந்த செவிலியின் கவனக்குறைவால் மெலிந்து, அக்டோபரில் மாண்டது. இப்பிள்ளைகளைப் பெறாமலே இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தனர். அந்த ஆறுதலைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்று செலி உறவினர்க்கு எழுதினார். ஆறுதல் என்ற பெயரில் சொல்லப்படும் சொல்லெல்லாம் ஆறுதல் ஆவதில்லை அன்றோ!

1873 ஜனவரி 2-ஆம் நாள் ஒன்பதாவது குழந்தையாகத் தெரேசாள் பிறந்தாள். சில வாரங்களில் குடல் நோய் கண்டது. முன்பு இறந்த பிள்ளைகளிடம் கண்ட அறிகுறிகளையே தாய் இக்குழந்தையிடமும் கண்டார். மார்ச்சு மாதத்தில் குழந்தை சாகும் தறுவாயை அடைந்தது. தாய்ப்பாலின்றிப் பிழைக்காது என்றார் மருத்துவர். செலியிடமோ பால் இல்லை. கணவர் பயணம் சென்றிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்த செலி, பொழுது விடியும் வேளையில் தனியே நடக்கத் தொடங்கினார். முன்பு தம் ஆண்மக்களுக்குப் பாலூட்டிய ரோஸ் என்னும் உழவர் குலப் பெண் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவிலிருந்த செமாலே என்ற சிற்றூரில் இருந்தாள். வழியில் இரு ஆடவர் நெருங்கி வர அச்சம் உண்டாயிற்று; ஆயினும் அவர்கள் கொன்றாலும் தமக்கு ஒன்றுமில்லை என்றே அப்போது தோன்றியதாகச் செலி பின்னர் எழுதினார்.

இச்சொல்லை வைத்துக்கொண்டு செலிக்கு இன்ன நோய் என்று பெயர் சூட்ட நாம் முற்படவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய மடலை வைத்து நோய் கணிப்பது மருத்துவமும் ஆகாது, வரலாறும் ஆகாது. ஆயினும் நோயுற்ற மகவைக் கைவிடாது காக்கும் ஒரு தாய்க்கே தன் உயிரின் மேல் பற்றற்றுப்போகும் பொழுது ஒன்று வரக்கூடும் என்பதற்கு இம்மடல் சான்று. அந்த எண்ணம் தோன்றியதனால் அவர் அன்பற்ற தாயாகிவிடவில்லை. விசுவாசம் இழந்தவராகவும் ஆகிவிடவில்லை.

ரோஸ் உடனே புறப்பட்டு வந்தாள். குழந்தையைக் கண்டதும், காலம் கடந்துவிட்டது என்பதுபோல் தலையசைத்தாள். செலி மாடியறைக்குச் சென்று புனித சூசையப்பர் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார். இறங்கி வந்தபோது குழந்தை ஆவலோடு பால் குடித்துக்கொண்டிருந்தது. பின்பு செவிலியின் மேல் உயிரற்றதுபோல் சாய்ந்தது. சிறிது நேரங்கழித்துக் கண் விழித்துத் தாயைப் பார்த்துச் சிரித்தது. அதன்பின் ஓராண்டுக் காலம், 1874 ஏப்ரல் 2-ஆம் நாள் வரை, தெரேசாள் செமாலேயில் ரோசின் வீட்டிலேயே வளர்ந்தாள்.

செலி மன்றாடியதை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அவர் உதவி நாடி நடந்ததையும் அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை நடத்திய தம்பிக்கும், தம்பி மனைவிக்கும், துறவியான தம் அக்காளுக்கும் அவர் ஓயாது எழுதினார், உள்ளத்தைத் திறந்தார், ஆலோசனை கேட்டார். மாடியறை வேண்டுதலுக்கு முன்னதாகவே அந்த விடியற்கால நடை நிகழ்ந்தது. செபமும் துணை தேடுதலும் ஒன்றுக்கொன்று பகையென்று அவர் எண்ணவில்லை.

பிரித்தலும் சேர்த்தலும்

அன்று குழந்தையைக் காக்கத் தாயினின்று பிரிப்பதே வழியாயிற்று. பின்னர் மருத்துவமனைகள் பெருகியபோது பிரித்தல் ஒரு விதியாகவே நிலைத்தது. குறைமாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். தாய் கதவுக்கு வெளியே. மனநோயுற்ற தாய் ஒரு விடுதியில், குழந்தை வேறெங்கோ.

இதனால் வரும் தீங்கை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் பாரிசு நகர மகப்பேற்று மருத்துவர் பியேர் புதேன். தம்மிடமிருந்து பிரித்து வளர்க்கப்படும் குறைமாதக் குழந்தைகளின் மேல் தாய்மார் சிலர் நாளடைவில் பற்று இழப்பதை அவர் கண்டார். தாயர் வந்து பார்க்கவும் பாலூட்டவும் வேண்டும் என்று 1900-இல் வெளியான தம் நூலில் வற்புறுத்தினார். 1920-களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ், நோயுற்ற குழந்தையோடு தாயும் தங்கித் தானே பணிவிடை செய்ய மருத்துவமனையில் அறை ஒதுக்கினார். 1948-இல் மருத்துவர் தாமஸ் மெய்ன், காசல் மருத்துவமனையில் மனநோயுற்ற ஒரு தாயை அவளுடைய பிள்ளையோடு சேர்த்தே அனுமதித்தார். தாய்-சேய் மனநல விடுதிகளுக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

செல்வ நாடுகள் மட்டுமே வழிகாட்டின என்று எண்ணிவிடலாகாது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஏழைகளுக்கான ஒரு மகப்பேற்று மருத்துவமனை. அங்கே வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைத்ததால் தொற்றுநோய் பரவியது. கைவிடப்பட்ட குழந்தைகளும் பலர். 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனப்ரியா, எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் பெயர் பெற்றது அதுவே. குழந்தை பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. வெப்பம் பெறுவது குழந்தை மட்டுமன்று. தன்னால் எதுவும் இயலவில்லை என்று துவண்டிருந்த தாயும் தன் பிள்ளைக்குத் தான் தேவை என்பதை உணர்கிறாள்.

நம் நாட்டில் பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் 2009-இல் தாய்-சேய் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல விடுதியில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட அவளுடைய குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதிக்கிறது. குழந்தைக்கு அவளால் தீங்கு நேரும் என்று மருத்துவர் கருதினாலோ, குழந்தையின் நலம் கருதியோ மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். தாயும் சேயும் இரு நோயாளிகள் அல்லர், ஒரே பராமரிப்புக்கு உரியவர்கள் என்ற உண்மை சட்டத்தின் ஏட்டில் ஏற இத்தனை காலம் ஆயிற்று.

கேட்டலின் வலிமை

பிள்ளை பெற்ற மூன்றாம் நாளளவில் காரணமின்றி அழுகை வருவதும், அது இரு வாரங்களுக்குள் மறைவதும் பெரும்பாலான தாய்மாரிடம் காணப்படும் இயல்பு. அழுகை நில்லாது, உறக்கமும் பசியும் கெட்டு, குற்ற உணர்வு மிகுந்து, பிள்ளையிடமும் மனம் ஒட்டாது வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். அறிவே பிறழ்ந்து, இல்லாத குரல்கள் கேட்கும் நிலை 1000 தாய்மாருள் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. அதற்கு அன்றே மருத்துவமனை தேவை.

இச்சோர்வை எளிதில் கண்டறிய 1987-இல் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் 10 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டனர். எடின்பரோ அளவை என்பது அதன் பெயர். தமிழிலும் அது ஆய்ந்து சரிபார்க்கப்பட்டுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே குழுவினர் ஒரு சோதனை செய்தனர். மனச்சோர்வுற்ற தாய்மார் 26 பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறையாக 8 முறை வீட்டில் சந்தித்து, அறிவுரை கூறாமல் அவர்கள் பேசுவதைக் கேட்டனர். அவர்களுள் 18 பேர் நலமடைந்தனர். அத்தகைய சந்திப்பு இல்லாத 24 பேருள் நலமடைந்தோர் 9 பேர். மார்ஜரி கெம்புக்கு மறுக்கப்பட்டது எதுவோ, அதுவே ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் கழித்து மருந்தாக மெய்ப்பிக்கப்பட்டது.

பாகிஸ்தானின் சிற்றூர்களில் அத்திஃப் ரஹ்மான் குழுவினர் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மருத்துவரல்லாத ஊர்ச் சுகாதாரப் பெண்களே பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்குச் சென்றனர். குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் அத்தாய்மாருள் 23 விழுக்காட்டினரிடமே சோர்வு நீடித்தது. அப்பயிற்சி பெறாதவர்கள் சந்தித்த தாய்மாரிடம் அது 53 விழுக்காடு.

நம் மண்ணின் நிலையையும் நோக்குவோம். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களில் செய்யப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்றோருள் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்ததைக் கண்டது. குறைந்த வருவாய், மகன் வேண்டுமென்றிருக்க மகள் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கருவுற்றிருந்த காலத்து இடர்கள், கைவேலைக்கு உதவி இன்மை ஆகியவை நோய்க்கு வழிசெய்தன. இவற்றுள் மருந்தால் தீர்வது எது? பெரும்பாலானவை மனிதர் மனம் வைத்தால் தீர்பவை.

நோயுற்ற குழந்தையின் தாய்க்கு இச்சுமை இன்னும் பெரிது. உறக்கமின்மை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்பு, பீய்ச்சி எடுத்து அனுப்பும் பால், செலவு, 'கருவுற்றபோது நீ என்ன செய்தாய்?' என்னும் கேள்வி ஆகிய அனைத்தும் அவள் தலைமேல். பிள்ளையே சாகக் கிடக்கும்போது தன் மனத்தைப் பற்றிப் பேசுவது தன்னலம் என்று அவள் வாய்மூடிக்கொள்கிறாள். ஆனால் தாய் தேறினால்தான் மருந்து வேளை தவறாது, பாலூட்டல் தொடரும், பிள்ளையின் முகத்தில் மாறுதல் கண்டால் உடனே உணரும் கண் விழித்திருக்கும். அவளுக்குச் செய்யும் மருத்துவம் குழந்தைக்கும் செய்யும் மருத்துவமே. பாலூட்டும்போது உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு; எது தக்கது என்பதை மருத்துவர் சொல்வார்.

நமக்குரிய பங்கு

வியாகுல அன்னையை வணங்கும் மரபு நம்முடையது. நாற்பதாம் நாளில் கைக்குழந்தையோடு ஆலயத்திற்கு வந்த தாயிடம், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் கூறியதை ஆண்டுதோறும் பிப்ரவரி 2-ஆம் நாள் நினைவுகூர்கிறோம். துயருற்ற தாய்க்கு ஆலயத்தில் பீடம் அமைத்த நாம், துயருற்ற தாய்க்கு அடுத்த வீட்டில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து கேட்கத் தயங்கலாமா?

நம் அன்பியங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் மரியாயின் சேனையிலும் வீடு சந்திக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அச்சந்திப்பில் நோயுற்ற குழந்தையைப் பார்த்துச் சிலுவை வரைந்துவிட்டு எழுந்துவிடாமல், தாயிடமும் அரைமணி நேரம் இருக்கலாம். "கடவுள் சித்தம்" என்று தொடங்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்கலாம். மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை ஒருவர் ஏற்கலாம். ஒருவேளைச் சோற்றை இன்னொருவர் கொண்டு செல்லலாம். இரவில் குழந்தையருகே ஒருவர் விழித்திருந்து அவளை உறங்கச் செய்யலாம். செலிக்குத் துணையாக வந்த ரோஸ் ஓர் எளிய உழவர் குலப் பெண். அழைத்தபோது வந்தாள், அவ்வளவே. கணவன்மார் ஜான் கெம்பை நினைவில் கொள்ளலாம். தேறி வருபவளைப் பைத்தியம் என்று ஒதுக்காது, அவளுக்குரிய சாவியை அவள் கையில் கொடுப்பதும் மருத்துவமே.

சாவைப் பற்றியோ குழந்தையை மாய்ப்பதைப் பற்றியோ அவள் ஒரு சொல் சொன்னாலும் அவளைத் தனியே விடலாகாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். திருத்தலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புவோர் செல்லட்டும். மருத்துவமனைக்குச் சென்றபின் செல்லட்டும்.

இனி நாம் ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையைக் காணச் செல்லும்போது, தொட்டிலைப் பார்த்த கண்ணைச் சற்றே உயர்த்தி, அதை ஆட்டிக்கொண்டிருக்கும் கையையும் பார்ப்போம். அந்தக் கைக்கு உரியவளிடம் அவளைப் பற்றியே ஒரு கேள்வி கேட்போம். விடை வர நேரமாகலாம், நாம் காத்திருப்போம்.